ஜமுக்காளத்துக்குள்ளிருந்து ஒரு கை

போன ஆவணியில் என் மாமனாரின் பூர்வீக வீடு கைமாறியது. கும்பகோணத்துக்குக் கிழக்கே, திருநாகேஸ்வரம் பக்கம். பரணில் கிடந்த அண்டா, குத்துவிளக்கு, ஊஞ்சல் சங்கிலி எல்லாவற்றையும் பங்கு போட்டுக்கொண்டு போன பிறகு, யாரும் கேட்காமல் மிஞ்சியது ஒரு தகரப் பெட்டி. உள்ளே பழைய பத்திரங்கள், வரி ரசீதுகள், அடியில் ஒரு போட்டோ. என் மச்சினி மகள் அதைச் செல்போனில் பிடித்து, ராத்திரி பதினொன்றரை மணிக்குக் குடும்ப குரூப்பில் போட்டாள். "இதைப் பார்த்துட்டு யாருக்காவது தூக்கம் வந்தா சொல்லுங்க."

எனக்குத் தூக்கம் வந்தது. என் மனைவிக்கு வரவில்லை.

படத்தில் இருப்பது இதுதான். ஓட்டு வீட்டுத் தாழ்வாரம். ஒரு மர நாற்காலியில் நாலு வயசுப் பெண் குழந்தை. பட்டுப்பாவாடை, காசுமாலை, தலை நிறைய பூ. உதடு கறுப்பு. கன்னத்தில் திட்டுத் திட்டாக வெள்ளை. கண் இரண்டும் முகத்தை விட்டுத் தனியாகத் தெறித்து நிற்கின்றன. கேமராவையும் பார்க்கவில்லை, வேறெதையும் பார்க்கவில்லை. பின்னால் ஒரு நிலைக்கண்ணாடி. அதற்குள் முகமில்லாத இன்னொரு குழந்தை. நாற்காலிக்கு வலப்புறம், தரையில், கறுப்பாக ஒரு குவியல். அந்தக் குவியலைத் தாண்டி, குழந்தையின் இடுப்பை இறுக்கிப் பிடித்தபடி ஒரு கை. கை மட்டும். மணிக்கட்டுக்கு மேலே நாலு விரற்கடை இருக்கிறது, அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

விடிவதற்குள் குரூப்பில் எழுபது எண்பது மெசேஜ். செத்த குழந்தையை உட்கார வைத்து எடுத்தது என்று ஒருவர். நம் வீட்டில் சின்ன வயதில் போன பெண் ஒன்று உண்டாம், அதுதான் இது என்று இன்னொருவர். துபாயில் இருக்கும் பையன் இங்கிலாந்துக்காரர்கள் பிணத்தைக் கம்பியில் முட்டுக்கொடுத்து நிறுத்திப் படமெடுப்பார்கள் என்று ஒரு வீடியோவை அனுப்பினான். வீட்டை வாங்கியவர்களிடம் இதைக் காட்ட வேண்டாம் என்றாள் மச்சினி. அது மட்டும் நியாயமான யோசனை.

மறுநாள் நான் ஒரே வரி போட்டேன்: "அசலை எனக்கு அனுப்பு. பிளாஸ்டிக் கவரில் வைக்காதே."

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1974-ல், பதினேழு வயசில், கும்பகோணத்தில் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்தேன். படமெடுக்க இல்லை, டச்சிங் செய்ய. நெகட்டிவைச் சாய்வு மேஜையில் பால் கண்ணாடி மேல் வைத்து, கீழே முகம் பார்க்கும் கண்ணாடியைச் சரித்து வெளிச்சத்தை மேலே அனுப்பி, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் முகத்தில் புள்ளி வைப்பது. நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் படத்தில் வெளுக்கும். கத்தியால் சுரண்டிய இடம் படத்தில் கறுக்கும். எல்லாமே தலைகீழ். அம்மைத் தழும்பு, பரு, முன்பல் இடுக்கு, மாப்பிள்ளையின் வழுக்கை, பெண்ணின் நிறம். கும்பகோணத்தைச் சுற்றி எத்தனை கல்யாணம் என் பென்சிலால் நடந்திருக்கிறது என்று எனக்கும் அந்தப் பெண்களின் தாயார்களுக்கும் மட்டும்தான் தெரியும். பிறகு கலர் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது, பென்சிலுக்கு வேலை போயிற்று. அதனால் எந்தப் பழைய படத்தைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது அதில் இருப்பவரை அல்ல, அதில் கைவைத்தவனை.

அசல் கூரியரில் வந்தது. மைதா பசையால் கெட்டி அட்டையில் ஒட்டியது. அட்டையின் கீழே ஸ்டுடியோ பெயர் அச்சாகியிருந்த இடத்தைப் பூச்சி அரித்திருந்தது. படத்தின் ஓரமெல்லாம் பாதரசம் பூசின மாதிரி நீல மினுக்கம். பழைய வெள்ளி அச்சு இப்படித்தான் வயசாகும். வாசல் வெளிச்சத்தில் வைத்து, லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் உயிர் இருக்கிறதா என்று பார்த்தேன். இதில் எனக்கு அனுபவம் உண்டு. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று நம்பிய காலம் அது. வாழ்நாள் முழுக்க கேமரா முன்னால் நிற்காத பெரியவர்கள் எத்தனையோ பேர், செத்த அன்றைக்குத்தான் முதல் படம் எடுத்துக்கொண்டார்கள். எழவு வீட்டிலிருந்து ஆள் வந்தால் முதலாளி என்னையும் கூட்டிக்கொண்டு போவார். நாற்காலியில் உட்கார வைத்து, மார்போடு துணியால் கட்டி, மாலை போட்டு, பிள்ளைகள் பேரன்கள் சுற்றி நின்றிருப்பார்கள். நாடிக்கட்டு, நெற்றியில் காசு, கட்டை விரல் இரண்டையும் சேர்த்துக் கட்டிய துணி. மூத்த மகன் வந்து காதோடு சொல்வார்: "தம்பி, அப்பாவுக்குக் கண்ணைத் திறந்து வெச்சுடுங்க." நாடிக்கட்டையும் காசையும் எடுத்துவிட்டு, மூடின இமை மேல் கண் வரைவேன். அப்படி வரைந்த கண்கள் இன்றைக்கும் பல வீட்டுக் கூடங்களில் சந்தனப் பொட்டோடு விழித்துக்கொண்டிருக்கின்றன.

குழந்தைக்கு ஒரே ஒரு தடவை வரைந்திருக்கிறேன். அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

இந்தப் படத்துக் குழந்தை செத்ததில்லை. அதற்கு ஒரே சாட்சி இடது கால். வலது காலில் தண்டையின் பூட்டு வரை துல்லியமாகத் தெரிகிறது. இடது காலில் தண்டை இரண்டாகத் தெரிகிறது, விரல்கள் பஞ்சு மாதிரி கலைந்திருக்கின்றன. காலை ஆட்டியிருக்கிறது. பிணம் காலாட்டாது.

துபாய்ப் பையனின் வீடியோவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கம்பித் தாங்கி உயிரோடு இருப்பவர்களுக்கானது. வெளிச்சம் விழும் நேரம் நீண்டிருந்த காலத்தில் தலை ஆடாமலிருக்கப் பின்னங்கழுத்தில் முட்டுக்கொடுப்பார்கள். படத்தில் காலுக்குப் பின்னால் அதன் இரும்புப் பாதம் தெரிந்தால், நின்றவர் உயிரோடு நின்றார் என்றுதான் அர்த்தம். அந்தக் கம்பியால் ஒரு பிணத்தின் பளுவைத் தாங்கி நிறுத்த முடியாது. நான் தூக்கியிருக்கிறேன், எனக்குத் தெரியும். அவர்களும் இறந்தவர்களைப் பெரும்பாலும் கட்டிலில், பெட்டியில், தாய் மடியில் கிடத்தித்தான் எடுத்தார்கள்.

எவ்வளவு நேரம் கேமராவின் லென்ஸ் மூடி திறந்திருந்தது? அதற்கும் படத்திலேயே விடை. தூணுக்கு மேலே சுவரில் ஒரு பெண்டுலக் கடிகாரம். மணி பத்து இருபது. பெண்டுலம் ஒரு குண்டாகத் தெரியவில்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை விசிறி மாதிரி தேய்ந்து, இரண்டு முனையிலும் மட்டும் கொஞ்சம் அழுத்தமாக விழுந்திருக்கிறது. ஒரு முழு வீச்சாவது நடந்திருக்கிறது. போட்டோக்காரர் லென்ஸ் மூடியைக் கழற்றி, "ஒண்ணு... ரெண்டு..." என்று எண்ணி மூடியிருப்பார். பெரியவர்களுக்கு அது மூச்சு விடும் நேரம். நாலு வயசுக்கு அது ஒரு யுகம். கண் சிமிட்டியிருக்கும், கருவிழி அலைந்திருக்கும். நெகட்டிவைக் கழுவிப் பார்த்தால் கண் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல்தான்.

அதோடு வெளிச்சமும் சதி செய்திருக்கிறது. அந்தக் காலத்து நல்ல ஸ்டுடியோவுக்குக் கண்ணாடிக் கூரை இருக்கும், பக்கவாட்டில் திரை இழுத்து வெளிச்சத்தைத் தணிப்பார்கள். வீட்டில் என்ன இருக்கிறது? முற்றம். வெளிச்சம் கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி நெட்டுக்குத்தாக இறங்கும். நெற்றியும் மூக்கு நுனியும் வெளுத்து, கண்குழி இரண்டும் இருண்டு போகும். முற்றத்து ஓரத்தில் எந்தக் குழந்தையை உட்கார வைத்து எடுத்தாலும் கொஞ்சம் மண்டையோட்டுச் சாயல் வரத்தான் செய்யும். டச்சிங்காரர் இரண்டு குழியிலும் பென்சிலால் வெண்விழியை ஏற்றி, அச்சான பிறகு மையால் கருமணி வைத்திருக்கிறார். லென்ஸில் பார்த்தால் பென்சில் இழுப்பு தெரிகிறது. வேலை மோசமில்லை. ஆனால் இரண்டு கருமணிக்கும் நடுவில் ஒளிப்புள்ளி வைக்க மறந்துவிட்டார். அது இல்லாத கண் எதையும் பார்க்காது. எங்கள் முதலாளி இதற்காக என் மண்டையில் எத்தனை குட்டு வைத்திருக்கிறார்!

கறுத்த உதட்டுக்கு விளக்கம் இன்னும் எளிது. அந்தக் காலத்தில் நெகட்டிவ் என்பது கண்ணாடி பிளேட்தான்; சாதாரண பிளேட்டுக்குச் சிவப்பு தெரியாது. நீலம் வெள்ளையாக விழும், சிவப்பும் மஞ்சளும் கறுக்கும். எல்லா நிறத்தையும் பார்க்கிற பிளேட் 1906-லேயே இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்துவிட்டது என்றாலும், மலிவு பிளேட்டை வைத்துப் பிழைத்த சின்ன ஊர்க்காரர் அதை வாங்கியிருக்க மாட்டார். குங்குமம் கரி. வெற்றிலை போட்ட வாய் கரி. மஞ்சள் பூசிக் குளித்த முகம் சேறு. நம் ஊரில் மங்கலம் என்று எதையெல்லாம் பூசிக்கொண்டு உட்கார்ந்தோமோ அதையெல்லாம் அந்த பிளேட் கறுப்பாக்கிக் கொடுத்தது. பிறகு "குழந்தை முகத்தைக் கொஞ்சம் வெளுத்துக் குடுங்க" என்று கேட்டிருப்பார்கள், அவரும் கன்னத்தில் பென்சில் போட்டிருக்கிறார். அந்தத் திட்டு அதுதான்.

கண்ணாடிக்குள் இருக்கும் முகமில்லாத குழந்தை, நம் வீட்டு ஆல்பங்களைப் புரட்டியவர்களுக்குப் பழக்கமானதுதான். பூ ஜடை தைத்துவிட்டால், தாழம்பூவும் மல்லிகையும் வைத்துப் பின்னிய அந்த வேலை படத்தில் தெரிய வேண்டாமா? பின்னால் கண்ணாடி வைத்து ஜடையைக் காட்டுவது வழக்கம். என் மனைவிக்கும் அப்படி ஒரு படம் உண்டு. குரூப்பில் யாருக்கும் இது தோன்றவில்லை. இங்கிலாந்துப் பேய் வீடியோ பார்க்கிற நேரத்தில் சொந்த அம்மாவின் வளைகாப்புப் படத்தைப் பார்த்திருந்தால் தோன்றியிருக்கும்.

இதெல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. இரண்டு விஷயம் பாக்கி. யார் இந்தக் குழந்தை? யாருடைய கை?

முதல் கேள்விக்கு விடை சொன்னது மூக்கு. சின்ன வளையம் ஒன்று வலது மூக்கில் தொங்குகிறது. கண்ணாடி பிளேட்டைத் திருப்பி வைத்து அச்சடித்தால் இடம் வலமாகிவிடும். ஆனால் கடிகாரத்தின் எண்கள் நேராக இருக்கின்றன. ஆக, வலதுதான். லென்ஸை என் மனைவியிடம் கொடுத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னங்க, இது பொண்ணில்லங்க. தாத்தா."

அவளுடைய அப்பாவின் அப்பா. ஊரில் பிச்சைப்பிள்ளை என்றால்தான் தெரியும். பத்திரத்தில் மட்டும் வேறு பெயர். வலது மூக்கில் தூர்ந்துபோன துளை ஒன்று அவருக்குக் கடைசி வரை இருந்தது. பேத்திகள் மடியில் ஏறி அதில் ஈர்க்குச்சி விட்டுப் பார்த்து அடி வாங்கியிருக்கிறார்கள். மூன்று பிள்ளைகள் தொடர்ந்து தவறிப்போய் நாலாவதாகப் பிறந்தவர். அப்படிப் பிறந்தால் என்ன செய்வார்கள் என்று அந்தத் தலைமுறைக்குச் சொல்ல வேண்டியதில்லை. குப்பையில் புரட்டி எடுத்துக் குப்புசாமி என்பார்கள், மூக்குக் குத்தி மூக்கன் என்பார்கள், பிச்சை என்பார்கள். எமன் கணக்குப் பார்க்க வந்தால், இது யாரோ வேண்டாமென்று போட்ட உருப்படி என்று நினைத்துத் தாண்டிப் போக வேண்டும். பெண் வேஷமும் அதே ஏமாற்றில் சேர்த்திதான். அழகுக்காகவும் போடுவார்கள், முடி இறக்குவதற்கு முன் வளர்ந்த கூந்தலுக்கு ஒருநாள் பூ வைத்துப் பார்க்கிற ஆசையும் உண்டு. அவர்கள் வீட்டு மொட்டை வைத்தீஸ்வரன் கோயிலில். அனேகமாக அதற்கு முதல் நாளோ அதற்குக் கொஞ்சம் முன்னாலோ எடுத்த படம். 1924 பெருவெள்ளத்தில் தாத்தா இடுப்புக் குழந்தை என்று குடும்பத்தில் சொல்வார்கள். ஆகவே படம் 1926 அல்லது 27.

மூன்று பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில், போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்ற காலத்தில், இதற்கு எப்படி ஒப்புக்கொண்டார்கள் என்று எனக்கு ஆச்சரியம். மனைவி சொன்னாள், "அதான் பொண்ணா வேஷம் போட்டிருக்கே. குறைஞ்சா அந்தப் பொண்ணுக்குல்ல குறையும்." எனக்கு இது தோன்றவே இல்லை.

செத்துப்போன பெண் என்று குரூப் முழுக்க இரங்கல் தெரிவித்த குழந்தை எழுபத்தைந்து வயதைத் தாண்டி வாழ்ந்து, என் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து மூன்று தடவை பாயசம் வாங்கிக்கொண்டது. இதை குரூப்பில் போட்டதும் ஒரே சிரிப்பு. பேய் பயம் போய்விட்டது. கையை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

எனக்கு மறக்கவில்லை, காரணம் அது கத்தி வேலை.

தரையில் தெரிவது ஜமுக்காளம். பவானிக் கோடு போட்டது; சிவப்புக் கோடெல்லாம் கறுத்து ஒரே இருட்டாகிவிட்டது. அதற்குள் ஒரு ஆள் குந்தியிருக்கிறார், ஒரு கையை மட்டும் வெளியே நீட்டிக் குழந்தையைப் பிடித்துக்கொண்டு. நெகட்டிவில் அந்த முன்கையைக் கத்தியால் சுரண்டியிருக்கிறார்கள். முழங்கையிலிருந்து கீழ்நோக்கிச் சுரண்டல் நேர்த்தியாக வருகிறது; சுரண்டிய இடம் அச்சில் கறுப்பாகி ஜமுக்காளத்தோடு கலந்துவிட்டது. மணிக்கட்டுக்கு நாலு விரற்கடை இருக்கும்போது நின்றுவிடுகிறது. அதனால்தான் கை அந்தரத்தில் தொங்குகிறது. குரூப்பில் எல்லோரையும் தூக்கம் கெடுத்தது ஒரு பாதி முடிந்த டச்சிங்.

வெளிநாட்டிலும் இப்படித் துணி போர்த்திய தாய்மார்கள் உண்டு. விக்டோரியா காலத்தில் கைக்குழந்தையை மடியில் பிடித்துக்கொண்டு, தலையோடு காலாகப் போர்த்திக்கொண்டு நாற்காலி மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். பிறகு அட்டைச் சட்டத்தால் மறைத்துவிடுவார்கள். குழந்தை ஆடாமல் இருக்க அது ஒரு தந்திரம். மச்சினி மகளும் அதைப் படித்துவிட்டு, "அப்போ இது கொள்ளுப்பாட்டிதானே பெரியப்பா? தாத்தாவோட அம்மா?" என்றாள்.

எனக்கு அது ஒட்டவில்லை. நம் ஊரில் தாயை எதற்கு ஒளிக்க வேண்டும்? தாயும் பிள்ளையுமாக மடியில் வைத்து எடுப்பதுதானே படமே. மூன்றைப் பறிகொடுத்து ஒன்றைப் பெற்றவள் என்றால் நடுநாயகமாக உட்கார வைத்திருப்பார்கள். முடி இறக்கப் போகிற பிள்ளையின் படத்தில், கூடத்தில், ஜமுக்காளத்துக்குள் மறைய வேண்டியவர் வேறு யாரோ. மணிக்கட்டில் வளையல் இல்லை.

"கையை மேல தூக்கினா வளையல் முழங்கைக்குச் சரியும் பெரியப்பா," என்றாள் அவள் உடனே. சரிதான். சரியும். முழங்கைப் பக்கம் கத்தி பட்ட பக்கம். என் சாட்சியம் அங்கே விழுந்துவிட்டது.

எண்பது வயசில் திருவிடைமருதூரில் இருக்கும் என் மனைவியின் அத்தையிடம் போன் போட்டோம். பிச்சைத் தாத்தாவின் மகள். காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் மந்தமில்லை. ஸ்பீக்கரில் போட்டுப் படத்தை விவரித்தோம்.

"ஜமுக்காளமா? அப்ப அது எங்க அப்பாவோட அத்தை, மாப்ளே," என்றார், நாங்கள் கேட்டு முடிக்கும் முன்பே. "பதினாலு வயசில அறுத்துட்டு வந்தவங்க. நல்லது கெட்டதுக்கு முன்னால வரமாட்டாங்க, அடுக்களையிலயே இருப்பாங்க. எங்க அப்பாவைத் தவிட்டுக்கு வாங்கினதே அவங்கதானே."

தவிட்டுக்கு வாங்குவது தெரியாதவர்களுக்கு: பிறந்த பிள்ளையை முறத்தில் கிடத்தி வேறொருத்திக்கு விற்றுவிடுவார்கள். விலை ஒரு படித் தவிடு. பிறகு பெற்றவளே அதைத் திரும்பக் கேட்டு வாங்கி வளர்ப்பாள். பிள்ளை இப்போது விற்றுப்போன பிள்ளை. பெற்ற வீட்டுக் கணக்கில் வராது. புருஷன் செத்த ஒருத்தி, எமன் ஏற்கெனவே வந்து எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு போன இடம், வாங்குவதற்குப் பொருத்தமானவள் என்று நினைத்தார்களோ என்னவோ.

"வேற யார் மடியிலயும் இருக்காதாம் அப்பா. சோறு ஊட்டுறதும் அவங்கதான், குளிப்பாட்டுறதும் அவங்கதான். நான் பாத்திருக்கேனே. எனக்குப் பத்து வயசு இருக்கும் அவங்க போறப்ப. வலது கையில தேள் பச்சை குத்தியிருப்பாங்க மாப்ளே, முழங்கைக்குக் கீழ. படத்துல பாருங்க, இருக்கும்."

பார்த்தேன். தேள் இருக்க வேண்டிய இடம்தான் கத்தி சுரண்டிய இடம்.

ஆகவே சத்தியம் செய்ய என்னால் முடியாது. நெகட்டிவ் இருந்தால் சொல்லிவிடலாம். சுரண்டினாலும் அடியில் தடம் இருக்கும். அந்தக் கண்ணாடி பிளேட்டுகளின் கதி எனக்குத் தெரியும். ஸ்டுடியோவில் சேர்ந்த முதல் வருஷம் என் வேலையே பழைய பிளேட்டுகளைக் கொதிநீரில் போட்டு உருவத்தைக் கழுவிவிட்டு, கண்ணாடியைச் சாமிப் படத்துக்கு ஃபிரேம் போட எடுத்து வைப்பதுதான். பெட்டி பெட்டியாகக் கழுவியிருக்கிறேன். வெதுவெதுப்பான ஜெலட்டின் தோல் மாதிரி உரிந்து வரும். யார் யாரோ என் விரலுக்கு நடுவில் வழுக்கிக்கொண்டு சாக்கடைக்குப் போனார்கள். பதினேழு வயசில் அதில் ஒன்றும் தோன்றவில்லை. சீக்கிரம் முடித்துவிட்டு சினிமாவுக்குப் போக வேண்டும்.

பாதியில் ஏன் நிறுத்தினார் என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் இரண்டு பதில். என் பதில் தொழில்காரன் பதில். முன்கைக்குப் பின்னால் கறுப்பு ஜமுக்காளம், சுரண்டினால் போதும். கைக்குப் பின்னால் பட்டுப்பாவாடை. விரலை எடுத்தால் அந்த இடத்தில் கட்டம் கட்டமாக ஜரிகையை வரைந்து நிரப்ப வேண்டும். மடிப்போடு சேர்ந்து கட்டம் வளைய வேண்டும். ஒரு பகல் வேலை. வீட்டுக்குப் போய் எடுத்த படத்துக்கு வாங்கின காசுக்கு அவர் அதைச் செய்திருக்க மாட்டார். நானாக இருந்தாலும் விட்டிருப்பேன், கேட்டால் "இதுக்கு மேல சுரண்டினா பிளேட் போயிடும்" என்று சொல்லியிருப்பேன். நிறைய பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

என் மனைவி இதை ஒப்புக்கொள்ளவில்லை. யாரோ வந்து பார்த்து, போதும், அந்தக் கை இருக்கட்டும் என்று சொல்லியிருப்பார்கள் என்கிறாள். யார் சொல்லியிருப்பார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. தாத்தா வருஷா வருஷம் அத்தைக்குத் திதி கொடுத்ததை மட்டும் சொல்கிறாள். பெற்றவளுக்குக் கொடுத்த அதே மாதிரி, எள்ளும் தண்ணீரும், காவிரிக் கரையில். "பிள்ளை இல்லாதவங்களுக்கு வேற யாரு குடுப்பா" என்பாராம்.

போன மாதம் மச்சினி மகள் படத்தை ஏதோ ஒரு ஆப்பில் போட்டு எடுத்து அனுப்பினாள். கலர் வந்திருந்தது. உதடு ரோஜா நிறம். கண்ணில் ஒளிப்புள்ளி வைத்திருந்தது, அந்த ஒரு விஷயத்தில் அதை மெச்சினேன். கன்னத்துத் திட்டு போய்விட்டது. ஜமுக்காளம் போய், அந்த இடத்தில் வழுவழுவென்று சிவப்புத் தரை. கையும் இல்லை. பாவாடைக் கட்டங்களை மடிப்போடு வளைத்து, ஜரிகை பிசகாமல் நிரப்பியிருந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் பாதியில் விட்ட வேலையை இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டது. பிரமாதமான டச்சிங். நான் இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு கையை எடுத்ததில்லை.

குரூப்பில் எல்லோரும் கைதட்டினார்கள். மனைவி போனை என்னிடமிருந்து வாங்கிப் பார்த்தாள்.

"பிடிக்காம எப்படி உக்காந்திருக்கும் குழந்தை?" என்றாள்.

அசலை ஃபிரேம் போடச் சொன்னாள். நானே போட்டேன், அட்டைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் காற்றுக்கு இடம் விட்டு. பழைய அட்டை ஒரு பக்கம் வளைந்திருக்கிறது. வலது ஓரத்தில் அரை அங்குலம் நறுக்கினால் ஃபிரேமுக்குள் நேராக உட்காரும். அந்த ஓரத்தில்தான் ஜமுக்காளம் முடிகிறது. நறுக்கவில்லை. கூடத்தில் மாட்டியிருக்கிறோம், கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கிறது.